பின்னால் ஒரு கண்: பெங்களூரில் இரண்டரை வருட டேஷ்கேம் அனுபவம்

அகரா தாண்டி சில்க் போர்டு சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால், மாலை ஐந்தரை மணி நெரிசலில் வண்டி நின்றிருந்தது. பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பம்பரில் கீறல், பக்கத்தில் ஒரு பைக். ஓட்டி வந்தவர் கன்னடத்தில் கத்துகிறார், நான்தான் ரிவர்ஸில் வந்து இடித்தேனாம். நாலு பேர் கூடிவிட்டார்கள். என் காரில் முன்னும் பின்னும் டேஷ்கேம், அதாவது ஓடும்போது சாலையைப் பதிவு செய்துகொண்டே இருக்கும் கேமரா, மாட்டியிருக்கிறேன். போனை அதன் வைஃபையில் இணைத்து, பின்கேமராவின் கடைசி ஒரு நிமிடத்தைப் போட்டுக் காட்டினேன். படத்தின் ஓரத்தில் ஒரு மெட்ரோ தூண் தெரிகிறது. அது இருந்த இடத்திலிருந்து ஒரு நூல்கூட அசையவில்லை. அப்படியென்றால் என் காரும் அசையவில்லை. பைக் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்து படத்தின் அடியில் மறைகிறது. இரண்டு தடவை பார்த்தார். "சரி சார், பிரேக் பிடிக்கல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நானும் பணம் கேட்கவில்லை.

எங்கள் வீடு ராமமூர்த்தி நகரில், அலுவலகம் எலக்ட்ரானிக் சிட்டியில். தினமும் அவுட்டர் ரிங் ரோடு, மாதம் ஒருமுறை கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம். கேமரா வாங்கும்போது என் மனதில் இருந்தது தொப்பூர் இறக்கம்தான். லாரிகள் சரசரவென்று இறங்கும் அந்த இடத்தில் ஏதாவது ஆனால் சாட்சி வேண்டுமே என்று பயம். அதனால் காசையெல்லாம் முன்கேமராவில் போட இருந்தேன். ஆனால் இந்த இரண்டரை வருடத்தில் நான்கு முறை வீடியோவை எடுத்துக் காட்ட வேண்டி வந்தது. அதில் மூன்று முறை உதவியது பின்கேமராதான். ஊர்ந்து போகும் ஊரில் இடி பின்னாலிருந்துதான் வருகிறது.

வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் '4கே'வை அல்ல, உள்ளே படத்தைப் பிடிக்கும் சென்சார் சில்லை. உண்மையான 4கே என்றால் 3840×2160, கிட்டத்தட்ட 83 லட்சம் பிக்சல். சோனியின் ஐஎம்எக்ஸ்335 சென்சாரில் இருப்பது ஏறத்தாழ 50 லட்சம்தான். அதைப் போட்டுவிட்டு 4கே என்று விற்றால், படத்தை இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதே சென்சாரை நேர்மையாக 2கே என்று சொல்லி விற்றால் அது நல்ல பொருள். நான் வாங்கியதும் அதுதான். பின்கேமராவுக்கு 1080பி போதும். ஆனால் அது 1080பி-யா, அதைவிடத் தெளிவு குறைந்த 720பி-யா என்பதைப் பல கடைகளில் கேட்டால்தான் சொல்கிறார்கள். கேளுங்கள்.

இரவில் நம்பர் பிளேட் படிக்க முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நின்றுகொண்டிருக்கும் வண்டி என்றால் முடியும். எதிரே வேகமாக வருவது என்றால், என் கேமராவில் பெரும்பாலும் முடியவில்லை. 2019 ஏப்ரலிலிருந்து புதிய வண்டிகளுக்குக் கட்டாயமான உயர்பாதுகாப்பு பிளேட், விளக்கொளி பட்டதும் அதைத் திருப்பி அடிக்கிறது. எழுத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம்தான் பதிவாகிறது. அதற்கு நான் கண்டுபிடித்த வழி ஒன்றுதான். ஏதாவது நடந்தால் உடனே நம்பரை வாய்விட்டுச் சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். கேமராவில் மைக் இருக்கிறது, குரல் பதிவாகிவிடும்.

கேமராவை ஜே.சி. ரோட்டுக் கடை ஒன்றில் பொருத்தினேன். முதலில் மாட்டிய பையன் முன்கண்ணாடி ஓரத்துத் தூணான முன் பில்லரின் மூடியைக் கொஞ்சம் நெம்பி, ஒயரை அப்படியே உள்ளே திணித்தான். எங்கள் காரில் அந்த மூடிக்குப் பின்னால், மோதலின்போது பக்கவாட்டு ஜன்னல்களை மறைத்து விரியும் கர்ட்டன் ஏர்பேக் இருக்கிறது. ஒயர் அதன்மேல் குறுக்கே போனால் ஏர்பேக் விரியும்போது தடையாகும், இல்லையென்றால் ஒயரே தெறித்து முகத்தில் அடிக்கலாம். "ஒண்ணும் ஆகாது சார்" என்றான். விடவில்லை. மூடியை முழுசாகக் கழற்ற வைத்து, ஏர்பேக்குக்குப் பின்பக்கமாக, கம்பெனி ஒயர்களோடு சேர்த்துக் கட்ட வைத்தேன். கால் மணி நேரம் கூடுதல் வேலை. இதை மட்டும் தயவுசெய்து பக்கத்தில் நின்று பாருங்கள். பின்சீட்டில் குழந்தைகளும் உட்காருகிறார்கள்.

நான் கவனிக்கத் தவறியது பின்கதவை. ஹேட்ச்பேக்கில் பின்கண்ணாடி கதவோடு சேர்ந்து மேலே தூக்கிக்கொள்ளும். கேபிள் கூரையிலிருந்து கதவுக்குப் போகும் இடத்தில் ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது. அதற்குள் விட்டுக் கொஞ்சம் தளர்வாக வைக்க வேண்டும். எனக்கு வெளியிலேயே, விறைப்பாக விட்டிருந்தார்கள். ஒவ்வொரு முறை டிக்கி திறந்து மூடும்போதும் ஒரே இடத்தில் மடிந்து மடிந்து, பதினாலாவது மாதம் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. மேல்தோல் அப்படியே இருந்தது, விரலால் தடவினால்தான் ஒரு சின்ன வளைவு தெரிந்தது. கொடுமை என்னவென்றால், அது நின்றுபோனதே மூன்று வாரம் எனக்குத் தெரியவில்லை. ஹெப்பால் அருகே ஒரு டெம்போ பின்விளக்கை உடைத்துவிட்டு நிற்காமல் போனபோது கார்டைத் திறந்தேன். முன்பக்கக் கோப்புகள் மட்டும் இருந்தன. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை டயர் காற்றுப் பார்க்கும்போது இரண்டு கேமராவிலும் ஒரு வீடியோவையாவது போட்டுப் பார்த்துவிடுகிறேன். புதுக் கேபிளைக் குழாய்க்குள் விட்டிருக்கிறது. இதுவரை தொந்தரவு இல்லை.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேலத்தில் ஏப்ரல் மதியம் வெளியில் நிறுத்தினால் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் எதுவும் கையில் சுடும். லித்தியம் பேட்டரி உள்ள கேமரா இந்தச் சூட்டில் உப்பிவிட வாய்ப்பு அதிகம். கெபாசிட்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். என்னுடையது கெபாசிட்டர் என்பதால் இரண்டு கோடையைத் தாண்டியும் நன்றாக இருக்கிறது.

நிறுத்திய வண்டியிலும் கேமராவை ஓட வைக்கும் பார்க்கிங் மோடுக்குத் தனி ஒயர் இழுத்து, எட்டு மாதம் கழித்து நிறுத்திவிட்டேன். 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் முழுசாக இருந்தால் ஏறத்தாழ 12.6 காட்டும், 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் அநேகமாகக் காலி. எனக்குக் கட்-ஆஃப், அதாவது கேமரா பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுப்பதை நிறுத்தும் அளவை, 11.8-இல் வைத்துக் கொடுத்திருந்தார்கள். பொங்கலுக்கு நாலு நாள் நிறுத்தியிருந்த வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, பக்கத்து வீட்டு மாமா காரிலிருந்து ஜம்ப் கொடுக்க வேண்டியிருந்தது. தெருவில் நிறுத்துகிறவர்களுக்கு இந்த வசதி தேவைதான், 12.2-இல் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட், அவசியம் இல்லை.

மெமரி கார்டு 'ஹை எண்டூரன்ஸ்' என்று போட்டதாக இருக்கட்டும். இதில் அழித்து அழித்து எழுதுவது நிற்கவே நிற்காது. முதலில் போட்ட சாதாரண கார்டு ஏழே மாதத்தில் மக்கர் செய்தது. என் இரண்டு கேமராவுக்கும் சேர்த்து 128 ஜிபியில் சுமார் எட்டு மணி நேரம் நிற்கிறது. எனக்கு இரண்டரை நாள் ஓட்டம், அப்புறம் பழையதின்மேல் புதியது ஏறிவிடும். அதனால் சம்பவம் நடந்த அன்றைக்கே கார்டைக் கழற்றிவிட வேண்டும்.

டெம்போ விஷயத்தில் ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன் வக்கீலாக இருக்கும் சித்தப்பாவுக்கு முன்பக்க வீடியோவை வாட்ஸாப்பில் அனுப்பினேன். "இது உதவாதுப்பா, இதில் தரம் குறைஞ்சு போயிடும். ஒரிஜினல் கோப்பைத் தொடாம வை" என்றார். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தரும்போது சான்றிதழும், அந்தக் கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பும் சேர்த்துத் தர வேண்டும். கோப்பில் ஏதாவது மாறியிருந்தால் அந்த மதிப்பும் மாறிவிடும். அன்று கழற்றிய கார்டு, உறையில் தேதி எழுதி, இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. கேமராவில் இப்போது ஓடுவது மூன்றாவது கார்டு.