வீட்டு அலுவலகத்துக்கு டிஎஸ்எல்லா, கேபிளா?

வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கியபின் முதல் ஓராண்டு டிஎஸ்எல் இணைப்பையும், அதன்பின் தொலைக்காட்சிக் கம்பி வழியே வரும் கேபிள் இணைய இணைப்பையும் பயன்படுத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். டிஎஸ்எல் தொலைபேசியின் செம்புக் கம்பி வழியே வருவதால், தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு தள்ளிப்போகப் போக வேகம் குறைகிறது. டிஎஸ்எல் வகைகளில் ஒன்றான ஏடிஎஸ்எல்2+ தரத்தின் உச்சமான 24 எம்பிபிஎஸ் (நொடிக்கு 24 மெகாபிட்), சில கிலோமீட்டர் தொலைவில் இருப்பவருக்கு விளம்பரத்தில் மட்டுமே கிடைக்கும்.

எனக்கு உண்மையில் தொல்லை கொடுத்தது பதிவேற்ற வேகம்தான். அது 1 எம்பிபிஎஸ் அளவிலேயே நின்றதால், காணொலிக் கூட்டத்தில் நான் பேசும்போது பின்னணியில் ஒரு கோப்பு பதிவேறத் தொடங்கினாலே, என் முகம் பாதி திறந்த வாயுடன் திரையில் உறைந்து நிற்கும் என்று சக ஊழியர்கள் சிரிப்பார்கள்.

கேபிளுக்கு மாறியபின் அந்தச் சிரிப்பு நின்றது. பதிவிறக்கம் பல மடங்கு கூடியது, பதிவேற்றமும் தாராளம். ஆனால் அந்தப் பகுதியின் இணைப்புத்திறனைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்வதால், எல்லோரும் படம் பார்க்க உட்காரும் இரவு நேரத்தில் வேகம் தளர்கிறது; டிஎஸ்எல் மெதுவானது என்றாலும் என் வீட்டில் எந்நேரமும் ஒரே சீராக இருந்தது. கேபிளுக்கு மாறிய முதல் மாதம் அடிக்கடி அறுந்த இணைப்புக்கு, சுவரோரம் இருந்த பழைய ஸ்பிளிட்டரே (கேபிளைப் பல முனைகளுக்குப் பிரிக்கும் சிறு கருவி) காரணம் என்பதை நிறுவனத்தின் ஊழியர் மூன்றாவது வருகையில்தான் கண்டுபிடித்தார்.

பகலில் கூட்டங்களும் கோப்புகளுமாக வேலை செய்பவருக்கு என் பரிந்துரை கேபிள். இன்னும் வேகமான டிஎஸ்எல் வகையான விடிஎஸ்எல்2 வசதியுள்ள தொலைபேசித் தெருப்பெட்டி வீட்டருகே இருந்தால் மட்டும் டிஎஸ்எல்லையும் பரிசீலிக்கலாம்.