ஊட்டியாட்டம் இருக்கும்னு சொல்லி மாட்ரிட்டுக்கு அனுப்புறாங்க: ஆகஸ்ட் பேக்கேஜ் எடுக்கிறவங்க கவனத்துக்கு

ஈரோடு, பெருந்துறை, திருப்பூர் பக்கத்திலிருந்து 14 பேர் கொண்ட ஒரு குழு ஆகஸ்ட் மூன்றாம் வாரம் ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டுக்குப் போய் வந்தது. ஆறு பேர் அறுபதைத் தாண்டியவர்கள். ஆளுக்கு 2,35,000 ரூபாய் கட்டினார்கள், அதில் பாதி ரொக்கமாக. பணம் வாங்கிய ஏஜென்ட் சொன்னது இதுதான்: "ஏனுங்க அண்ணா, ஏசியெல்லாம் எதுக்குங்க? மலை மேல இருக்குற தலைநகரமுங்க, ஊட்டியாட்டம் இருக்கும். ஸ்வெட்டர் ஒண்ணு எடுத்துக்கங்க, போதும்."

கிடைத்தது ஐந்தாம் மாடியில், ஓட்டுக்கூரைக்கு நேர் கீழே அறைகள். ஜன்னலைத் திறந்தால் கிணறு மாதிரி ஓர் உள்முற்றம், எதிர்வீட்டுத் துணிக்கொடி, காற்று கிடையாது. மேஜை மேல் ஒரு சின்ன ஃபேன். இரவு 11 மணிக்கு வெளியே 31 டிகிரி; பகல் முழுக்க வெயில் குடித்த கூரை அறைக்குள் அதற்கு மேல் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் ஓர் அம்மா படிக்கட்டிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டார். அங்கத்து அவசர எண் 112-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் வந்தது. அந்தம்மா நலமாக ஊர் வந்து சேர்ந்தார் என்பது ஒன்றே ஆறுதல்.

ஏமாற்று எங்கெங்கே நடந்தது, பணம் கட்டும் முன் எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த "மலை" பேச்சு. மாட்ரிட் மேட்டு நிலத்தில் இருப்பது உண்மை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர். ஆனால் ஊட்டி 2,240 மீட்டர். பெங்களூரு 900 மீட்டருக்கு மேல். மாட்ரிட் பெங்களூரைவிடத் தாழ்வு, கோயம்புத்தூரைவிட இருநூற்றுச் சொச்சம் மீட்டர்தான் உயரம். உயரம் தரவேண்டிய குளிர்ச்சியை மற்றதெல்லாம் சேர்ந்து தின்றுவிடுகிறது: கடல் வெகுதூரம், வடக்கே குவாதர்ராமா மலைத்தொடர் மறிக்கிறது, கோடையில் மழை அபூர்வம், பகல் நீளம், நடுநடுவே சஹாரா பக்கத்திலிருந்து சூடான காற்று வேறு. ஆகஸ்ட்டில் சராசரி உச்சம் 32 டிகிரியை ஒட்டி இருக்கும், அதிகாலையில் 19 வரை இறங்கும். வெப்ப அலை வந்தால் உச்சம் 40-ஐத் தொடும், இரவும் இறங்காது. 2021 ஆகஸ்ட்டில் அப்படித்தான் ஆனது.

நம் ஊர்க்காரர்கள் இதில் எளிதாக ஏமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. நமக்கு வெயில் என்றால் சித்திரை, வைகாசி. ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடித்து, ஆவணி பிறக்கையில் கோவையும் பொள்ளாச்சியும் இதமாக இருக்கும். அந்த மாதத்தில் வெயிலைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. அங்கே அதே மாதம்தான் கடுங்கோடை.

அடுத்து அறை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பணம் அதிகம் போனது இங்கேதான்.

ஸ்பெயினில் "ஹோட்டல்" வேறு, "ஓஸ்தால்" வேறு. ஆங்கில எழுத்தில் ஹெச், ஓ, எஸ், டி, ஏ, எல் என்று எழுதுவார்கள். வேகமாகப் படித்தால் ஹோட்டல் மாதிரியே கண்ணுக்குத் தெரியும். ஓஸ்தால் என்பது பழைய கட்டடத்தில் ஒன்றிரண்டு மாடிகளை மட்டும் எடுத்து நடத்தும் தங்கும் விடுதி. கெட்டது அல்ல. சுத்தமான, ஏசி வைத்த ஓஸ்தால்கள் நிறைய உண்டு, வாடகையும் குறைவு. ஆனால் ஹோட்டல் விலையை வாங்கிக்கொண்டு ஓஸ்தாலில் தள்ளுவது மோசடி. வாசல் பக்கத்தில் நீல நிறத் தகடு ஒன்று இருக்கும். ஹெச் எழுத்து மட்டும் இருந்தால் ஹோட்டல், ஹெச்சோடு எஸ் சேர்ந்திருந்தால் ஓஸ்தால், பி என்றால் அதற்கும் எளிய விடுதி. நட்சத்திரமும் அதிலேயே இருக்கும். ஓஸ்தாலின் இரண்டு நட்சத்திரமும் ஹோட்டலின் இரண்டு நட்சத்திரமும் ஒன்றல்ல. அந்தந்த வகைக்குள் மட்டும் செல்லும் கணக்கு அது.

வவுச்சரில் மூன்று ஸ்பானிஷ் சொற்களைத் தேடுங்கள். "ஆய்ரே அகோண்டிசியொனாதோ" என்றால் ஏசி. "வெந்திலதோர்" என்றால் ஃபேன். இந்தக் குழுவின் வவுச்சரில் இருந்தது இரண்டாவது. ஏஜென்ட் அதை "வென்டிலேஷன் நல்லா இருக்குற ரூம்" என்று விளக்கிவிட்டார், எல்லாரும் தலையாட்டிவிட்டார்கள். மூன்றாவது "இன்தெரியோர்": ஜன்னல் தெருப்பக்கம் இல்லாமல் உள்முற்றத்தைப் பார்க்கும் என்று பொருள். ஏசி இருந்தால் இன்தெரியோர் அறையில் நிம்மதியாகத் தூங்கலாம், தெருச் சத்தம் வராது. ஏசி இல்லாமல் இன்தெரியோர், அதுவும் கடைசி மாடி என்றால் ஆகஸ்ட்டில் எடுக்கவே கூடாது.

இத்தனைக்கும் விசா விண்ணப்பத்தில் வைத்தது நான்கு நட்சத்திர ஏசி ஹோட்டல். கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய புக்கிங்கைப் போட்டு, அந்தத் தாளை விசாவுக்குக் கொடுத்து, விசா வந்த மறுநாள் ரத்து செய்து, மலிவான இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பயணிகள் பழைய தாளையே நம்பி, பின்னால் வந்த வவுச்சரை அதோடு ஒப்பிடாததால், ஹோட்டல் மாறியது விமான நிலையத்தில் இறங்கும்வரை யாருக்கும் தெரியாது. இதற்குத் தடுப்பு ஒன்றுதான். கிளம்பப் பத்து நாள் முன்பு ஒருமுறை, மூன்று நாள் முன்பு ஒருமுறை, ஏஜென்ட்டைக் கேட்காமல் ஹோட்டலுக்கே நேராக மின்னஞ்சல் அனுப்புங்கள். புக்கிங் எண், பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், தேதி மூன்றையும் எழுதி, புக்கிங் நடப்பில் உள்ளதா, அறையில் ஏசி உண்டா, எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்று கேளுங்கள். எளிய ஆங்கிலம் போதும், பெரும்பாலும் ஓரிரு நாளில் பதில் வந்துவிடும்.

பயண நிரலும் அந்த ஊரைத் தெரியாமல் போட்டது. பிற்பகல் 3 மணிக்கு அரண்மனை முற்றம், 4.30-க்கு ரெத்திரோ பூங்கா, 6 மணிக்கு ஓய்வு. தலைகீழ். ஸ்பெயின் கடிகாரம் சூரியனுக்கு வெகு முன்னால் ஓடுகிறது. நமக்கு 12 மணியை ஒட்டி உச்சிக்கு வரும் சூரியன், அங்கே கோடையில் 2.15-ஐ ஒட்டித்தான் உச்சிக்கு வரும். அதனால் நமக்கு 3 மணிக்கு உறைக்கும் வெப்பம் அங்கே 5, 6 மணிக்கு. ஆகஸ்ட் கடைசியில் சூரியன் மறைய முக்கால் ஒன்பது ஆகும். விடிவதும் 7.30-க்கு மேல்தான்.

ஆகவே வெளியே சுற்றுவது காலை 8 முதல் 12 வரை. அப்புறம் சாப்பாடு, தூக்கம், அல்லது மியூசியம். மறுபடி கிளம்ப வேண்டியது சாயங்காலம் 7.30-க்கு மேல். பிராதோ மியூசியம் உள்ளே குளுமை. திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 வரை இலவசம், ஞாயிறு 5 முதல் 7. பிக்காசோவின் குவெர்னிகா ஓவியம் இருக்கும் ரெய்னா சோஃபியா மியூசியத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அரண்மனையில் இலவச நேரம் உண்டு என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். அது ஐரோப்பிய ஒன்றியம், லத்தீன் அமெரிக்க நாட்டுக்காரர்களுக்கானது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கிடையாது. ரெத்திரோ பூங்காவை வெயிலும் பலத்த காற்றும் சேர்ந்த நாட்களில் மாநகராட்சியே பூட்டிவிடும். அன்று அதை நிரலில் வைத்திருந்தால் நாள் வீண்.

மதியம் பக்கத்துப் பழைய ஊரான தோலேதோவுக்குக் கூட்டிப்போனது பெரிய தவறு. மாட்ரிட்டைவிடத் தாழ்ந்த இடம், இன்னும் சூடு, ஏறி இறங்கும் கல்தெருக்கள். வயசானவர்களோடு போகிறவர்கள் அதற்குப் பதில் செகோவியா கேளுங்கள். சுமார் 1,000 மீட்டர் உயரம், சாமர்த்தீன் ஸ்டேஷனிலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி. ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருப்பதால் அங்கிருந்து பஸ் பிடித்து ரோமானியர் கட்டிய கல் நீர்ப்பாலத்தில் இறங்கலாம். மலைக்குளிர் கேட்டு வந்தவர்களுக்கு ஓரளவாவது பொருத்தமான ஊர் அது.

வெயில் அங்கே உலர்ந்த வெயில். ஈரோட்டில் சட்டை நனைந்து உடம்பே எச்சரிக்கும். அங்கே வேர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடும், தாகமும் தாமதமாகத்தான் தெரியும். வெளியே இருக்கையில் அரை மணிக்கு ஒருதரம் நாலு வாய் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் ஆளுக்கு ஐந்தாறு. நீர் பிரிய வைக்கும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளம்பும் முன் டாக்டரிடம் அளவு பற்றிக் கேட்டே ஆகவேண்டும். குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர், தைரியமாகக் குடிக்கலாம். தெருவில் குடிநீர்க் குழாய்கள் உண்டு. 2022-இல் வந்த சட்டப்படி உணவகங்கள் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரவேண்டும். "அகுவா தெல் கிரிஃபோ" என்று கேளுங்கள். பாட்டில் தண்ணீருக்கென்று இந்தக் குழுவிடம் தினம் தனியாக வசூல் செய்திருக்கிறார்கள். ஏசி இல்லாத அறையில் மாட்டிக்கொண்டால், ஜன்னலுக்கு வெளியே உள்ள சுருள் மறைப்பைக் காலை 9 மணிக்கே முழுக்க இறக்கிவிட்டு, வெளிக்காற்று தணிந்த பிறகு இரவில் திறந்துவிடுங்கள்.

சாப்பாட்டில், "இந்தியன் டின்னர்" என்று போட்டிருந்த கடை ஆகஸ்ட் விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்தது. அந்த மாதம் சின்னக் கடைகள் பலவும் பூட்டித்தான் இருக்கும், கதவில் "செர்ராதோ போர் வகசியோனெஸ்" என்று தாள் ஒட்டியிருக்கும். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: "வெஹெத்தால்" என்று எழுதிய சாண்ட்விச்சில் சூரை மீனும் முட்டையும் இருக்கும். "என்சலாதா மிக்ஸ்தா" என்ற சாலட்டிலும் சூரை மீன் வரும். "சின் ஹமோன், சின் அதூன்", அதாவது பன்றித்தொடை வேண்டாம், சூரை வேண்டாம் என்று இரண்டையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். கஸ்பாச்சோ என்ற குளிர்ந்த தக்காளிச் சாறு சைவம், வெயிலுக்கு அருமை. அதே நிறத்தில் கெட்டியாக வரும் சல்மொரேஹோவின் மேல் முட்டையும் ஹமோனும் தூவியிருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்பு பற்றுவதே 8.30-க்கு மேல்தான்.

சில்லறை வசூல்களும் குறைவில்லை. "சிட்டி டாக்ஸ்" என்று தினம் வாங்கினார்கள். பார்சிலோனாவில் அப்படி ஒரு வரி உண்டு, மாட்ரிட்டில் கிடையாது. விமான நிலையத்திலிருந்து காருக்கு 80 யூரோ கணக்கு எழுதினார்கள். சிவப்புக் கோடு போட்ட வெள்ளை டாக்ஸியில் நகரின் உள்வட்டச் சாலைக்குள் எங்கே போனாலும் ஒரே கட்டணம், 33 யூரோ, பெட்டி படுக்கை உட்பட; வண்டியிலேயே ஒட்டியிருக்கும். மஞ்சள் நிற 203 எக்ஸ்பிரஸ் பஸ் 5 யூரோ, இரவும் ஓடும். கார்டு தேய்க்கும்போது ரூபாயா யூரோவா என்று மெஷின் கேட்டால் யூரோவை அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் நஷ்டம் நமக்கு.

திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்களுக்கு இது தனியாக. இதே பேக்கேஜில் "பையர் மீட்டிங்", அதாவது துணி வாங்கும் கம்பெனிகளோடு சந்திப்பு, என்று கூடுதல் பணம் வாங்கியிருக்கிறார்கள். ஆகஸ்ட்டில் ஸ்பெயின் அலுவலகங்கள் பாதிக்கு மேல் காலி, இருப்பவர்களும் பலர் பிற்பகல் 3 மணியோடு கிளம்பிவிடுவார்கள். போதாததற்கு, ஸாரா ஆடைக் குழுமத்தின் தலைமையகம் மாட்ரிட்டில் இல்லை, நாட்டின் வடமேற்கு மூலையில் ஆ கொருஞா அருகே ஆர்தெய்ஹோவில் இருக்கிறது. மாங்கோ என்ற ஆடைக் கம்பெனி பார்சிலோனா பக்கம். எந்த மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிப்பவர்), எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று பையர் கம்பெனியின் சொந்த மின்னஞ்சலில் இருந்து அழைப்பு வராத வரை ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

மாட்டிக்கொண்டவர்கள் செய்ய வேண்டியது: விடுதிக்காரரோடு சண்டை போடாதீர்கள். அவர் விற்றது ஃபேன் அறை, கொடுத்ததும் ஃபேன் அறை. அவரிடம் நயமாகப் பேசி, எந்த வகை அறை, என்றைக்கு யார் பதிவு செய்தது, எவ்வளவு கட்டினார்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாள்தான் பின்னால் பேசும். வாசல் தகடு, அறை, ஃபேன் எல்லாம் தேதியோடு படம் எடுங்கள். பாஸ்போர்ட், பர்ஸ் திருட்டுப் போனால் லெகானீத்தோஸ் தெரு 19-ஆம் எண்ணில் வெளிநாட்டுப் பயணிகளுக்கென்றே உதவிப் பிரிவுள்ள போலீஸ் நிலையம் இருக்கிறது; புகார் நகல் இல்லாமல் இன்சூரன்ஸ் கிடைக்காது.

ஊர் திரும்பியதும் ஏஜென்ட்டுக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஏஜென்ட் கோவையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். ரொக்கமாகக் கொடுத்த பாதிக்கு ரசீது இல்லாததால் இந்தக் குழு இப்போது வாட்ஸ்அப் குரல் பதிவுகளைத் தேடிச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டுப் பேக்கேஜுக்கென்று ஏஜென்ட் உங்களிடம் வசூலித்த வருமான வரி (டிசிஎஸ்) உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரி இணையதளத்தில் பாருங்கள். ஏறாவிட்டால் அதையும் மனுவில் எழுதுங்கள்.