டிக்கெட்டுக்கு வரிவிலக்கா, படப்பிடிப்புக்குப் பணமா? நகரியிலிருந்து ஒரு கணக்கு

நகரியில் குடியிருப்பவருக்குப் புதுப்படம் பார்க்க இரண்டு வழி. தெற்கே பஸ் ஏறினால் திருத்தணி, வடக்கே ஏறினால் புத்தூர், அதையும் தாண்டினால் திருப்பதி. படம் ஒன்றாகவே இருந்தாலும் டிக்கெட் விலை ஒன்றாக இருக்காது. அந்தப் பக்கம் ஒரு மாநிலச் சட்டம், இந்தப் பக்கம் இன்னொரு மாநிலச் சட்டம். மா.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்தில் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, நகரியும் புத்தூரும் ஆந்திராவில் நின்றுவிட்டன. அதன் பலனை நாங்கள் இன்றும் தியேட்டர் கவுண்டரில் அனுபவிக்கிறோம்.

போதாக்குறைக்குத் தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காட்டுக் கிழக்கில் தமிழ் பேசும் ஊர், சட்டம் கேரளச் சட்டம். தீபாவளிக்குக் கூடினால் மூன்று மாநில அரசுகளையும் ஒரே திண்ணையில் வைத்துத் திட்டுவோம்.

திட்டும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ‘சினிமாவுக்கு அரசு ஆதரவு வேண்டுமா?’ என்று கேட்டால் எல்லோரும் வேண்டும் என்பார்கள். எந்த ஆதரவு என்று கேட்டால்தான் சண்டை. மச்சானுக்கு டிக்கெட் மலிவாக வேண்டும். சித்தப்பா மகனுக்குத் தலைவர் படத்துக்கு நள்ளிரவுக் காட்சி வேண்டும், எத்தனை ரூபாயானாலும் சரி. எனக்கு வேறு கணக்கு, கடைசியில் சொல்கிறேன்.

முதலில் தமிழ்நாட்டு வழி, அதாவது வரிவிலக்கு. 2006இல் கருணாநிதி அரசு, தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்றது. பெயர்ப்பலகை மாற்றினால் போதும் என்பதால் கோடம்பாக்கம் ஒரே வாரத்தில் தமிழ்ப் பற்றாளர் ஆனது. 2011இல் ஜெயலலிதா அரசு கொஞ்சம் இறுக்கியது: யு சான்றிதழ் வேண்டும், தமிழ்ப் பண்பாட்டை ஒட்டி இருக்க வேண்டும், வன்முறை, ஆபாசம் மிகுந்திருக்கக் கூடாது. இதை யார் பார்த்து முடிவு செய்வது? அரசு அமைத்த குழுதான். அப்புறம் என்ன ஆகும்? ஆளுங்கட்சிக்கு வேண்டாதவர் படத்துக்கு விலக்கு மறுக்கப்படுகிறது என்று உயர் நீதிமன்றம் வரை வழக்குகள் போயின. கலைக்குச் சலுகை என்று தொடங்கிய ஒன்று, கடைசியில் யாருக்குச் சலுகை என்ற கேள்வியாக நின்றது.

பெரிய கோளாறு அதுவல்ல. வரி போனாலும் டிக்கெட் விலை இறங்கவில்லை. அரசு விட்டுக்கொடுத்த தொகையை டிக்கெட் வாங்கியவர் பார்க்கவே இல்லை. அது தியேட்டர்காரர், விநியோகஸ்தர், தயாரிப்பாளர் என்று நடுவிலேயே பங்கு போய்விட்டது. இந்த வகைச் சலுகையில் இன்னொரு சிக்கலும் உண்டு. எந்தப் படத்துக்கு அதிக டிக்கெட் விற்கிறதோ அதற்குத்தான் அதிகச் சலுகை சேரும். நூறு கோடி வசூலித்த படம் கோடிக்கணக்கில் வரி மிச்சம் பிடிக்கும், மூன்று நாளில் தூக்கப்பட்ட படத்துக்கு ஆயிரங்கள் தேறினால் பெரிது. உதவி தேவைப்படாதவருக்கு முதலில் போய்ச் சேரும் உதவி இது.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் ஆட்டம் மாறியது. கேளிக்கை வரி மாநிலத்தின் கையை விட்டுப் போனது. 101ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அந்த உரிமையை உள்ளாட்சிகளுக்கு மட்டும் மிச்சம் வைத்தது. தமிழ்நாடு அந்தச் சந்தில் புகுந்து உள்ளாட்சி கேளிக்கை வரியாக 30 சதவீதம் என்று அறிவிக்க, ஜூலை 3 முதல் தியேட்டர்கள் மூடப்பட்டன. பேச்சுவார்த்தைக்குப் பிறகு தமிழ்ப் படத்துக்கு 8 சதவீதமாக இறங்கியது, மற்ற மொழிப் படங்களுக்கு அதைவிட அதிகம். 2025இல் அந்த 8, 4 ஆனது. மல்டிபிளெக்ஸில் 150 ரூபாய் உச்சவரம்பு டிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 8 சதவீதம் என்றால் 12 ரூபாய், 4 என்றால் 6 ரூபாய். ஜிஎஸ்டி 18 சதவீதம் அப்படியே மேலே உட்கார்ந்திருக்கிறது. 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு மட்டும் 2025 செப்டம்பரில் 12 சதவீதம் 5 ஆகக் குறைந்தது. இன்றைக்கு ஒரு மாநில அரசு படத்துக்கு ‘வரிவிலக்கு’ அறிவித்தால், பெரும்பாலும் தன் பங்கு ஜிஎஸ்டியைத் திருப்பித் தருகிறது என்றுதான் பொருள். 150 ரூபாய் டிக்கெட்டில் அது 13 ரூபாய் 50 காசு. போஸ்டரில் ‘வரிவிலக்கு பெற்ற படம்’ என்று போடுவதற்கு மட்டும் நல்ல விஷயம்.

தமிழ்ப் படத்துக்குக் குறைந்த வரி என்றால் தமிழனாக எனக்குச் சந்தோஷம்தானே? எல்லைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் இல்லை. இதே வேலையை ஆந்திராவும் செய்தது. தெலுங்குப் படத்துக்கு 10 சதவீதம், மற்ற மொழிப் படத்துக்கு 24 சதவீதம் கேளிக்கை வரி. நகரியிலும் சித்தூரிலும் வீட்டில் தமிழ் பேசி, வரி கட்டி, ஓட்டுப் போட்டு வாழ்பவர் தன் மொழிப் படம் பார்த்தால் இரண்டு மடங்குக்கு மேல் வரி. 2007இல் உச்ச நீதிமன்றம் இதை அடித்துத் தள்ளியது. மொழியை மட்டும் வைத்து இப்படி வேறுபடுத்துவது சமத்துவத்துக்கு எதிரானது என்பதுதான் அதன் சாரம். அந்தத் தீர்ப்பில் எங்கள் பக்கம் மகிழ்ந்தவர்கள், திருத்தணியில் மலையாளப் படத்துக்கும் தெலுங்குப் படத்துக்கும் கூடுதல் வரி போடும்போது வாய் திறக்காமல் இருப்பது நியாயமில்லை. கொழிஞ்சாம்பாறையில் அந்த வித்தியாசம் இல்லை. கேரளத்தில் 2019 செப்டம்பர் முதல் 100 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 8.5 சதவீதம் என்று விலையைப் பார்த்துத்தான் உள்ளாட்சி வரி.

ஆந்திர வழி: விலையைப் பிடி

ஆந்திரா வரியை விட்டுவிட்டு விலையையே பிடித்தது. 2021 ஏப்ரலில் ஜெகன் அரசு போட்ட ஆணைப்படி, கிராமப் பஞ்சாயத்தில் ஏ.சி. இல்லாத தியேட்டரில் டிக்கெட் 5, 10, 15 ரூபாய். அந்த வருடமே அரசே ஆன்லைனில் டிக்கெட் விற்கச் சட்டத் திருத்தம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எங்கள் பக்கத்துத் தியேட்டர்காரர் ஒருவர், “அஞ்சு ரூபாய்க்கு டிக்கெட் வித்தா, கிழிக்கிற பையனுக்குச் சம்பளம் எங்கிருந்துப்பா தர்றது?” என்றார். டீ விலை பத்து ரூபாய் இருந்த காலம். அந்த வருடக் கடைசியில் சோதனை, சீல் என்று பல தியேட்டர்கள் மூடிக்கிடந்தன. 2022 பிப்ரவரியில் தெலுங்கு நட்சத்திரங்கள் வரிசையாக முதல்வரைப் பார்க்கப் போனார்கள். மார்ச் 7 அன்று புது ஆணை வந்தது: குறைந்தது 20, அதிகபட்சம் 250.

அந்தப் புது ஆணையில் ஒரு நிபந்தனை இருந்தது. இந்த அலசலிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கதாநாயகன், நாயகி, இயக்குநர் சம்பளம் போக 100 கோடிக்கு மேல் செலவான படம், முதல் பத்து நாள் விலையை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் படப்பிடிப்பில் 20 சதவீதமாவது ஆந்திராவில் நடந்திருக்க வேண்டும். தெலுங்கு சினிமா கோடம்பாக்கத்திலிருந்து கிளம்பி, 1976இல் அன்னபூர்ணா ஸ்டுடியோ, 1996இல் ராமோஜி ஃபிலிம் சிட்டி என்று ஹைதராபாத்தில் வேர்விட்டது. 2014இல் மாநிலம் பிரிந்தபோது ஹைதராபாத் தெலங்கானாவுக்குப் போக, ஆந்திராவுக்குத் தியேட்டர் மிஞ்சியது, ஸ்டுடியோ மிஞ்சவில்லை. படத்தை இங்கே விற்கிறாய், இங்கே வந்து எடு என்று கேட்டது நியாயம்தான்.

ஆனால் 20 சதவீதம் எடுத்தால் 20 சதவீதச் செலவு இங்கே நடக்குமா? எங்கள் ஏகாம்பரகுப்பம் பக்கம் ஒரு யூனிட் வந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். விடிவதற்கு முன் ஜெனரேட்டர் வண்டி வந்து நிற்கும், சென்னைப் பதிவு எண். லைட்மேன், கேமரா உதவியாளர், மேக்கப், எல்லோரும் சென்னை சங்கத்து உறுப்பினர்கள், பேட்டா அங்கேயே கணக்காகும். சாப்பாடு யூனிட் மெஸ் வண்டியில். கூட்டத்தில் நிற்கும் ஆட்களை ஏஜென்ட் வேனில் ஏற்றி வருவார். ஊருக்குக் கிடைப்பது லாட்ஜ் வாடகை, தண்ணீர் கேன், இரண்டு டெம்போ, வீட்டை ஷூட்டிங்குக்கு விட்டவருக்கு ஒரு நாள் வாடகை. சத்தம் வரக்கூடாது என்று தெருவில் தறியை நிறுத்தச் சொல்வார்கள். வீட்டுக்காரருக்கு வாடகை கிடைக்கும், பக்கத்து வீட்டில் கூலிக்குத் தறி ஓட்டுபவருக்கு அன்றைய கூலி போச்சு. அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. சாயங்காலம் எல்லோரும் போனை நீட்டி ஹீரோவைப் படம் எடுத்துக்கொள்வோம், அது வேறு.

இப்போது அந்தப் பத்து நாள் சலுகை எங்கே போய் நிற்கிறது தெரியுமா? 2024 டிசம்பரில் ஒரு பெரிய படத்தின் சிறப்புக் காட்சிக்கு ஆந்திர அரசு 800 ரூபாய் அனுமதித்தது. 2025 செப்டம்பரில் இன்னொரு படத்துக்கு நள்ளிரவுக் காட்சி 1,000 ரூபாய். அந்தப் படத்தின் கதாநாயகன் அதே மாநிலத்தின் துணை முதல்வர். ஐந்து ரூபாயிலிருந்து ஆயிரத்துக்கு நாலரை வருடம். ஆட்சி மாறினால் விலை மாறும், படத்துக்குப் படம் தனி ஆணை என்றால் அதைக் கொள்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சித்தப்பா மகனோடு இதில் எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

கேரள வழி: கையில் கொடு

கேரளம் வேறு மாதிரி யோசித்தது. 1975லேயே திரைப்பட வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. திருவனந்தபுரம் திருவல்லத்தில் அரசே நடத்தும் சித்ராஞ்சலி ஸ்டுடியோ இருக்கிறது. டிக்கெட்டுக்கு 3 ரூபாய் செஸ் (தனி வரி) பிடித்துக் கலைஞர்கள் நலநிதிக்கு அனுப்புகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, பெண் இயக்குநர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் ஒரு படத்துக்கு ஒன்றரைக் கோடி வரை அரசே போட்டுப் படம் எடுக்க வைக்கும் திட்டம். தமிழ்நாட்டில் சிறு பட்ஜெட் தரமான படத்துக்கு 7 லட்சம் மானியம் உண்டு, அதுவும் படம் எடுத்து முடித்த பிறகு. ஏழு லட்சத்தில் இன்று போஸ்டர் செலவு ஈடுகட்டலாம்.

குறை இல்லாமல் இல்லை. கழகத்தின் படங்கள் தியேட்டருக்கு வரத் தாமதம், வந்தாலும் காட்சி கிடைப்பதில்லை. 2024 மார்ச்சில் ‘சிஸ்பேஸ்’ என்று அரசே ஓடிடி தொடங்கி, ஒரு படத்துக்கு 75 ரூபாய் என்று வைத்தது. பெரிய தளங்களோடு அது மல்லுக்கட்டி ஜெயிக்கும் என்று நான் நம்பவில்லை. 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் நடந்த சினிமா கொள்கை மாநாட்டில் மூத்த மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன், ஒன்றரைக் கோடியை ஐம்பது லட்சமாக மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுங்கள், முதலில் பயிற்சி கொடுங்கள் என்று பேசி, அரங்கத்திலேயே எதிர்ப்பு கிளம்பியது. பயிற்சி எல்லோருக்கும் நல்லதுதான். ஆனால் அரசுப் பணத்தை முதல் படத்துக்கு வாங்கும் மற்றவர்களிடம் கேட்காத கேள்வியை இவர்களிடம் மட்டும் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கோடிக்கணக்கில் வரியை விட்டுக்கொடுத்தபோது தமிழ்நாட்டில் எந்தத் தயாரிப்பாளரையும் பயிற்சிக்கு அனுப்பவில்லையே.

வெளிநாட்டு மாதிரி ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம், உள்ளே செய்த செலவில் 20 சதவீதம், தன் சின்னத்தைப் படத்தில் காட்டினால் இன்னும் 10 சதவீதம் வரிக்கழிவாகத் தருகிறது. தொழில் அங்கே குடியேறியது உண்மை. மிச்சிகன் 2008இல் 42 சதவீதம் வரை அள்ளிக்கொடுத்து, கட்டாது என்று 2015இல் கடையை மூடியது. அண்டை மாநிலத்தை விட ஒரு சதவீதம் கூடுதல் என்று ஏலம் போகும் விளையாட்டு. தமிழ்நாடும் ஆந்திராவும் தெலங்கானாவும் இதில் இறங்கினால் சிரிப்பது தயாரிப்பாளர் மட்டும்தான். ஆனால் அதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: படம் எடுத்த நாளை எண்ணாமல், செலவான ரசீதை எண்ணுவது.

என் கணக்கு இதுதான். டிக்கெட் வரிச் சலுகையை வைத்து ஆதரவு என்று சொல்வதை நிறுத்தலாம். விலை உச்சவரம்பு இருக்கட்டும், தமிழ்நாட்டு மாதிரி எல்லாப் படத்துக்கும் ஒன்றாக. ஹீரோவைப் பார்த்து ஆணை வேண்டாம். கேரளத்து நேரடி நிதியைத் தமிழ்நாடும் ஆந்திராவும் எடுத்துக்கொள்ளலாம். ஆந்திராவின் 20 சதவீத நிபந்தனையை வைத்துக்கொண்டு, அதில் படப்பிடிப்பு நாளுக்குப் பதில் உள்ளூர் ஆளுக்கு வங்கி வழியாகப் போன கூலியைக் கணக்கில் எடுக்கலாம். நிறுத்தப்பட்ட தறிக்கும் அந்தக் கணக்கில் ஓர் இடம் வேண்டும்.

சட்டம் என்று வரும்போது இன்னொன்று. கேரளத்தில் திரைத்துறைப் பெண்களின் நிலையை விசாரித்த ஹேமா குழு 2019 டிசம்பர் 31 அன்று அறிக்கை கொடுத்தது, வெளியே வந்தது 2024 ஆகஸ்ட் 19. திரைத்துறைக்குத் தனிச் சட்டமும் தீர்ப்பாயமும் வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தார்கள். கேளிக்கை வரிக்கோ டிக்கெட் விலைக்கோ ஆணை போட எந்த அரசும் நாலரை வருடம் எடுத்துக்கொண்டதில்லை. 2022 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம், ஒவ்வொரு படத்தின் தயாரிப்புக் குழுவிலும் பாலியல் புகாரை விசாரிக்கும் உள் குழு இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதைச் செயல்படுத்தப் புதுச் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று மாநிலத்திலும் மானியத்துக்கும் கூடுதல் விலைக்கும் தயாரிப்பாளர் விண்ணப்பம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த விண்ணப்பத்தோடு உள் குழுவில் இருப்பவர்களின் பட்டியலையும், வேலை செய்தவர்களுக்குச் சம்பளம் போன கணக்கையும் இணைக்கச் சொன்னால், இல்லாத கோப்பு அன்றைக்கே திரும்பிப் போய்விடும்.