போர்ஷே பாக்ஸ்டர் 986 (2003): குறைவாக ஓடிய வண்டி என்றால் நல்ல வண்டியா?

மீட்டரில் 50,000 கிலோமீட்டர்கூடத் தாண்டாத 2003 பாக்ஸ்டர் ஒன்றை (போர்ஷேயின் மேற்கூரை மடிக்கும் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், 986 என்பது அதன் முதல் தலைமுறையின் எண்) வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், 2.7 லிட்டர், ஐந்து கியர் மேனுவல். இந்த வண்டியைத் தேடுகிற எல்லோரும் முதலில் கேட்பது ஐஎம்எஸ் பேரிங்கைப் பற்றித்தான், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்த இன்ஜினில் பிஸ்டன்கள் சுழற்றும் க்ராங்குக்கும் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டுகளுக்கும் நடுவே இன்டர்மீடியட் ஷாஃப்ட் (சுருக்கமாக ஐஎம்எஸ்) என்று ஒன்று இருக்கிறது. அதன் கியர்பாக்ஸ் பக்க முனையைத் தாங்குவது சீல் செய்த ஒரு சின்ன பால் பேரிங். காலப்போக்கில் சீல் தளர்ந்து, உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்து, அந்த இடத்தில் இன்ஜின் ஆயில் புகுந்துவிடுகிறது, புகுந்த ஆயில் சுலபத்தில் வெளியே வராது. பேரிங் உடைந்தால் டைமிங் தவறி வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அத்தோடு இன்ஜின் போச்சு. ஆரம்ப வண்டிகளில் இரட்டை வரிசை பேரிங் இருந்தது, அது ஓரளவு பலமானது. பிறகு வந்த ஒற்றை வரிசைதான் அதிகம் பேச்சு வாங்கியது. 2001 முதல் 2005 வரை தயாரான வண்டிகளுக்காக அமெரிக்காவில் கூட்டு வழக்கே நடந்து 2013-ல் சமரசமானது. பெரும்பாலான இன்ஜின்களுக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதும் உண்மைதான், ஆனால் ஆகிற இன்ஜினுக்கு முழுசாக ஆகிவிடுகிறது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, குறைந்த கிலோமீட்டர் என்பது இந்த வண்டியில் ஆறுதலே இல்லை என்பதுதான். மாதக்கணக்கில் நின்றுவிட்டு, எப்போதாவது எடுத்து, சூடேறுவதற்குள் திரும்பக் கொண்டுவந்து நிறுத்திய வண்டியில் ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் சேர்கின்றன, அந்தக் கெட்ட ஆயில்தான் பேரிங்கின் குண்டுகளை அரிக்கும். ஒழுங்காக ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய, இரண்டு மடங்கு கிலோமீட்டர் காட்டும் வண்டியை நான் அதைவிட அதிகம் நம்புவேன். "ஓட்டவே இல்லை சார், புதுசு மாதிரி" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், சரி, ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். கிலோமீட்டர் கணக்கு வேண்டாம், தேதி வேண்டும்.

நான் இந்த வண்டியை எடுத்ததற்குக் காரணம் ஃபைலில் இருந்த பில்கள். வருஷா வருஷம் ஆயில் மாற்றியிருக்கிறார்கள், கிளட்ச் மாற்றியபோதே பேரிங்கையும் பின்பக்க க்ராங்க் சீலையும் மாற்றியிருக்கிறார்கள். கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாவற்றையும் இறக்கினால்தான் அந்த பேரிங் கையில் கிடைக்கும், அதனால் கிளட்ச், பேரிங், சீல் மூன்றையும் சேர்த்து மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். 2006 முதல் 2008 வரை வந்தவற்றில் பேரிங் பெரியது, ஆனால் இன்ஜினைப் பிரிக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. 2009-ல் வந்த புது இன்ஜினில் இந்த ஷாஃப்டே கிடையாது. கூடுதலாகச் செலவழிக்க முடிகிறவர்கள் அதைப் பார்க்கலாம்.

அப்புறம், நின்ற வண்டிகளுக்கே உரிய மற்ற தொல்லைகள். டயரில் பட்டன் தேய்ந்திருக்காது, ஆனால் ரப்பர் காய்ந்திருக்கும். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். கூலன்ட் டேங்க் பிளாஸ்டிக், விரிசல் விடும். மேற்கூரையின் வடிகால் துளைகள் அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கி சீட்டுக்கு அடியில் இருக்கும் எலக்ட்ரானிக் பெட்டியை நனைத்துவிடும், பிறகு பூட்டும் அலாரமும் இஷ்டத்துக்கு ஆடும்.

ஓட்டுவதற்கு? அபாரம். இன்ஜின் இருக்கைக்குப் பின்னாலேயே நடுவில் இருப்பதால் வளைவில் வண்டி அப்படியே திரும்புகிறது, ஹைட்ராலிக் ஸ்டியரிங்கில் சாலையின் ஒவ்வொரு சொரசொரப்பும் கைக்குத் தெரிகிறது. சுமார் 225 குதிரைத்திறன்தான், ஆனால் ஆறு சிலிண்டரும் 5,000 ஆர்பிஎம்முக்கு மேலே போடும் சத்தத்துக்காகவே கியரை இறக்கத் தோன்றும்.

வாங்கும் முன் ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மடிப்புகளுக்குள் உலோகத் துகள் மின்னினால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பார்க்கவே விடமாட்டேன் என்றாலும் வேண்டாம்.