கார்டு இருந்தும் 68,000 ரூபாய் கட்டிய கதை: கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம் பக்கத்துச் சொந்தங்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஏமாந்தவன் எழுதுகிறேன்.

அப்பா தக்காளிக் கூடையோடு வரப்பில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. 108 வந்து தர்மபுரி ஜி.எச்.சில் சேர்த்தது. எக்ஸ்ரே எடுத்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள். ஆபரேஷனுக்கு நான்கைந்து நாள் ஆகும் என்றார் டாக்டர். மரியாதையாகத்தான் சொன்னார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அப்பா ராத்திரி முழுக்க முனகினார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

வெளியே டீக்கடையில் ஒருவர், "எதுக்கு தம்பி காத்துக் கெடக்கற? அங்க போனா நாளைக்கே ஆபரேஷன். கார்டுலயே முடிஞ்சிரும்" என்று ஒரு தனியார் மருத்துவமனையைச் சொன்னார். அவருக்கு அதில் ஏதாவது கிடைத்ததா, தெரியாது. என் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தபோதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

அங்கே வாசலிலேயே திட்டத்தின் போர்டு இருந்தது. கவுண்டரில் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் வாங்கிக்கொண்டு, "அப்ரூவல் வர்ற வரைக்கும் 30,000 அட்வான்ஸ் கட்டுங்க, வந்ததும் திருப்பித் தந்துருவோம்" என்றார்கள். கட்டினேன். மறுநாள் காலை அப்பாவைப் பச்சை உடுப்பு மாட்டி ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்த பிறகு ஒரு பையன் வந்தான். "கார்டுல எலும்புக்கு வைக்கற பிளேட்டு லோக்கல்ண்ணா, ரெண்டு வருஷத்துல துருப் பிடிச்சிரும். ஃபாரின் பிளேட்டுன்னா இன்னும் 38 ஆகும்." சித்தப்பா மண்டியில் முன்பணம் வாங்கி ஜிபேயில் அனுப்பினார். கவுண்டரில் ஜிபே வேண்டாம், கேஷ்தான் வேண்டும் என்றார்கள். ஏடிஎம்முக்கு ஓடினேன்.

திரும்பி வந்ததும் ஒரு தாளை நீட்டினார்கள். முழுக்க இங்கிலீஷ். "எல்லாரும் போடறதுதாண்ணா." போட்டேன்.

டிஸ்சார்ஜ் அன்று அட்வான்ஸைக் கேட்டபோதுதான் அந்தத் தாளில் இருந்தது என்ன என்று தெரிந்தது. காப்பீட்டுத் திட்டம் வேண்டாம், சொந்தச் செலவில் பார்த்துக்கொள்கிறேன் என்று நானே விரும்பி எழுதிக் கொடுத்தேனாம்! சரி, ரசீதாவது கொடுங்கள் என்றேன். மருந்துச் சீட்டின் பின்பக்கம் பேனாவால் '68 பெய்ட்' என்று எழுதிக் கொடுத்தார்கள். சீலும் இல்லை, தேதியும் இல்லை.

காப்பீட்டுத் திட்டத்தின் உதவி எண்ணான 1800 425 3993க்குப் போன் செய்தேன். எதிர்முனையில் இருந்த பெண் அட்டை எண்ணை வாங்கிப் பார்த்துவிட்டு, அப்பா பெயரில் அனுமதி கேட்டு எதுவுமே வரவில்லை என்றார். அனுப்பவே இல்லை! ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சை என்பதுதான் திட்டம். அதில் வரும் சிகிச்சைக்கு அட்வான்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2009இல் கலைஞர் பெயரில் வந்து, 2012இலிருந்து இப்போதைய பெயரில் நடக்கும் திட்டம் இது. இத்தனை வருடம் அட்டையை பீரோவில் பத்திரமாக வைத்திருந்தேனே தவிர, இதைத் தெரிந்துகொள்ளவில்லை.

சித்தப்பா ஒரே பிடியாக நிற்கிறார்: கார்டை ஒழித்துவிட்டு அந்தப் பணத்தில் ஜி.எச்.சுக்கு இன்னும் நாலு தியேட்டர் கட்டி, எலும்பு டாக்டர்களைப் போடட்டும் என்கிறார். பாதி சரிதான். அரசே நேரடியாகச் செய்யும் வைத்தியத்தில் இந்தத் தொல்லை இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் பக்கத்து மாவட்டம் கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான். அந்தத் திட்டத்தில் எங்கள் ஊருக்கு வரும் அக்கா அம்மாவுக்கு சுகர், பிரஷர் மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார், இன்றுவரை ஒரு ரூபாய் கேட்டதில்லை. ஆனால் எங்கள் தெருவிலேயே ஒருவருக்கு இந்தக் கார்டில்தான் இதய ஆபரேஷன் நடந்தது. அவரிடம் போய் கார்டை ஒழிக்கணும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. திட்டம் வேண்டாம் என்று எழுதி வாங்கும் தாள் தமிழில் இருக்க வேண்டும், அதைத் திட்டத்துக்காரர்கள் நம்மிடம் போனில் கேட்டு உறுதி செய்த பிறகே செல்லுபடியாக வேண்டும். இந்த ஒன்றைச் செய்தாலே போதும் என்பது என் கட்சி.

அட்வான்ஸ் என்று வாயெடுத்தால் அங்கேயே நின்று அந்த நம்பருக்குப் போன் போடுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு போட்டு என்னைப் போல் முழிக்காதீர்கள்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பில் மனு கொடுத்திருக்கிறேன். அப்புறம், கட்டு பிரிக்க அப்பாவை ஜி.எச்.சுக்கே கூட்டிப் போனோம். அது ஃபாரின் பிளேட்டுதானா என்று அந்த டாக்டரிடம் கேட்டேன். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "இதுல ஊர் பேரா எழுதியிருக்கும்? பிளேட்டு வந்த பாக்கெட்ல ஸ்டிக்கர் இருக்கும், அதக் கேட்டு வாங்கு." மூன்று முறை போய்விட்டேன். ஃபைல் ரெக்கார்டு ரூமில் இருக்கிறதாம், அடுத்த வாரம் வரச் சொல்கிறார்கள்.