ஆட்டோ சிபாப் கருவி: மாஸ்க் பொருந்தினால்தான் மெஷின் வேலை செய்யும்

தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறவர்களுக்கு, மாஸ்க் வழியே காற்றழுத்தம் கொடுத்துப் பாதையை மூடவிடாமல் வைத்திருப்பதுதான் சிபாப். 1981-இல் காலின் சல்லிவன் குழுவினர் அறிமுகப்படுத்திய முறை. ஆட்டோ வகை, அடைப்பு கூடக் கூட அழுத்தத்தைத் தானே ஏற்றும். மல்லாந்து படுத்தால் ஒன்று, ஒருக்களித்தால் ஒன்று. நல்ல வசதி. ஆனால் பெட்டியில் வரும் 4–20 (செ.மீ. நீர் அளவில் அழுத்தம்) அமைப்பிலேயே விட்டுவிடக் கூடாது. 4 பலருக்குப் போதாது. காற்றே வராததுபோல் மூச்சு முட்டும். சில வாரப் பதிவைப் பார்த்து மருத்துவரிடம் வரம்பைச் சுருக்கி வாங்குங்கள்.

பலரும் கைவிடுவது மாஸ்க்கால்தான். உட்கார்ந்து போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் படுத்ததும் கசியும்; படுத்த நிலையில், காற்று ஓடும்போது வாரைச் சரிசெய்யுங்கள். கசிகிறதே என்று இறுக்கினால் இன்னும் கசியும். சிலிக்கான் விளிம்பு காற்றில் உப்பித்தான் தோலில் ஒட்டுகிறது, இறுக்கினால் அது மடங்கிவிடும். முகத்து எண்ணெயும் கசிவுக்குக் காரணம்; விளிம்பைத் தினமும் மென்மையான சோப்பால் கழுவுங்கள். வாய் திறந்து தூங்குபவருக்கு மூக்கு மாஸ்க் ஒத்துவராது, வாயையும் மூடும் வகை வேண்டும்.

ஈரப்பதத் தொட்டியில் காய்ச்சி வடித்த நீர் (டிஸ்டில்டு வாட்டர்) மட்டும் ஊற்றுங்கள், மிச்சத்தைக் காலையில் கொட்டிவிடுங்கள். குழாயில் நீர் கோத்துக் களகளவென்றால் ஈரப்பதத்தை ஒரு படி குறைத்து, மெஷினைத் தலைமட்டத்துக்குக் கீழே வையுங்கள்.

திரையில் ஏ.ஹெச்.ஐ. (மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற எண்ணிக்கை) 5-க்குக் கீழே வந்ததும் திருப்தியடைய வேண்டாம். அணிந்த நேரத்துக்கு மட்டுமே அந்தக் கணக்கு. கனவுத் தூக்கம் விடியலை ஒட்டித்தான் அதிகம், பலருக்கு அடைப்பு மோசமாவதும் அப்போதே. மூன்று மணிக்குக் கழற்றினால் அந்தப் பகுதி முழுக்கப் பாதுகாப்பில்லை. ஒவ்வொரு அடைப்பிலும் ஆக்சிஜன் இறங்கி அட்ரினலின் பாய்கிறது. இரவில் தணிய வேண்டிய ரத்த அழுத்தம் தணிவதில்லை. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் இதயத் துடிப்புக் கோளாறுக்கும் பக்கவாதத்துக்கும் ஆபத்து கூடுகிறது.

அதற்காக, மாரடைப்பைத் தடுக்கும் கருவி என்று விற்றால் நம்பாதீர்கள். ஏற்கெனவே இதய, மூளை ரத்தநாள நோய் உள்ளவர்களிடம் நடந்து 2016-இல் வெளியான ‘சேவ்’ ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை; சராசரிப் பயன்பாடு இரவுக்கு 3.3 மணி நேரமே. பகல்நேரத் தூக்கக் கலக்கம் தெளிவாகக் குறைந்தது, மனநிலையும் மேம்பட்டது. ரத்த அழுத்தம் சிறிதளவே குறையும், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பழைய மெஷின் வாங்குவதானால் வரிசை எண்ணைச் சரிபாருங்கள். ஒலி தடுக்கும் நுரை சிதைவதால் 2021-இல் பிலிப்ஸ் பல மாடல்களைத் திரும்ப அழைத்தது. மெஷினை ஓசோன் வாயுவால் சுத்தம் செய்யும் கருவி அந்தச் சிதைவைக் கூட்டக்கூடும். அதை வாங்கவே வேண்டாம்.