சப்பைத் தண்ணியும் 15 லிட்டர் ஹீட்டரும்: 8 வருட அனுபவம்

எங்கள் வீட்டுக் குளியலறையில் ஹீட்டருக்கு அடியில் நாலு மாதம் ஒரு வாளி இருந்தது. ராத்திரியெல்லாம் சொட்டி நிறைந்ததைக் காலையில் செடிக்கு ஊற்றுவோம். "இந்த ஞாயித்துக்கிழமை பார்த்துடறேன்" என்று வாராவாரம் சொல்வேன், அதோடு சரி. 2024 மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை சுவிட்சைப் போட்டதும் ஈ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்து வீடே இருட்டானது. அப்போதுதான் புத்தி வந்தது.

வீடு காங்கேயம் பக்கம். குளிக்க, துவைக்க எல்லாம் போர் தண்ணிதான். அந்த உப்புத் தண்ணியை நாங்கள் சப்பைத் தண்ணி என்போம். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. ஆர்.ஓ. மாட்ட வந்தவரிடம் மீட்டர் வாங்கி அளந்தபோது டி.டி.எஸ். லிட்டருக்கு 1450 மில்லிகிராம் காட்டியது. குடிநீருக்கு அரசுத் தர நிர்ணயம் சொல்வது 500. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. டி.டி.எஸ். என்பது எல்லா உப்பும் சேர்ந்த கணக்கு. ஹீட்டரில் காரையாக, அதாவது வெள்ளை உப்புப் படிவாகப் பிடிப்பது அதில் கால்சியம், மெக்னீசியம் பங்குதான்.

ஹீட்டர் 2017-ல் வாங்கியது. 15 லிட்டர், 2000 வாட், உள்ளே கண்ணாடிப் பூச்சு போட்ட இரும்பு டேங்க். அதே மாதம் கோவை வடவள்ளியில் இருக்கும் தங்கச்சியும் அதே மாடலை வாங்கினாள். அங்கே உப்பு குறைந்த சிறுவாணித் தண்ணி. அவள் ஹீட்டர் இதுவரை ஒரு சொட்டுகூடச் சொட்டவில்லை. அதனால் "ஹீட்டர் எப்படி, நல்லா உழைக்குதா?" என்று யாராவது கேட்டால், உங்கள் ஊர் தண்ணி எப்படி என்றுதான் முதலில் கேட்கிறேன்.

சொட்டுவதெல்லாம் பழுது இல்லை. இது தெரியாமல் 2019-லேயே ஒருமுறை பதறினேன். தண்ணீர் உள்ளே வரும் குழாயில் ஒரு சின்ன பித்தளை வால்வு இருக்கும், சேஃப்டி வால்வு. ஹீட்டர் ஓடும்போது மட்டும் அதிலிருந்து சொட்டியது. தண்ணீர் சூடானால் விரியும். 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குப் போனால் 15 லிட்டருக்குச் சுமார் கால் லிட்டர் கூடும். வந்த வழியே திரும்ப முடியாதபடி வால்வு தடுத்திருப்பதால், கூடுதல் தண்ணீர் அதன் மூக்கு வழியாக வெளியே வருகிறது. அவ்வளவுதான்.

ஆறியபிறகும் சொட்டினால் கதை வேறு. அந்த வால்வு திறப்பது பொதுவாக 8 பார் அழுத்தத்தில், அதாவது 80 மீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம். எங்கள் மாடித் தொட்டி ஹீட்டருக்கு மேலே 4 மீட்டர்கூட இருக்காது. அந்தக் குறைந்த அழுத்தத்துக்கே ஒழுகுகிறதென்றால் வால்வு வாயில் காரை சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். லீவரை நாலைந்து முறை தூக்கிவிட்டால் சில சமயம் சரியாகும், இல்லையென்றால் வால்வை மாற்றவேண்டும். பக்கத்துத் தெரு பிளம்பர் ஒருவர், "அந்த ஓட்டைல ஒரு டம்மி அடிச்சர்லாங்ணா, சொட்டவே சொட்டாது" என்றார். நல்ல மனுசர்தான், ஆனால் அந்த யோசனையை யாரும் கேட்காதீர்கள். சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும், அது தவறினால் கரண்டை வெட்டும் கட்-அவுட்டும் ஒருசேரக் கெட்டால் டேங்க் வெடிக்காமல் காப்பது அந்த ஓட்டைதான்.

நடுவில் ஒருமுறை இன்லெட் குழாயின் வாஷர் போனது. புது வாஷர் போட்டதும் நின்றது.

மார்கழிக்கு வருவோம். ரிப்பேருக்கு வந்த தம்பி அடிமூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். "டேங்க் ஓட்டையாயிருச்சுங்ணா. புதுசு மாட்டிக்கலாங்." ஒன்பதாயிரம் ஆகும் என்றார். மாமியார் வாசலில் நின்று, "ஏனுங் மாப்பளே, பொறத்தால விறகடுப்புல அண்டாவ வெச்சா இந்த ரோதனையெல்லாம் உண்டுங்ளா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

தம்பி போனபின் நானே பார்த்தேன். எம்.சி.பி. சுவிட்சை அணைத்து, டெஸ்டர் வைத்துக் கரண்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அடியைத் துணியால் துடைத்து, சுற்றிலும் செய்தித்தாள் துண்டுகளை ஒட்டிவைத்து, சூடாக்காமல் வெறும் தண்ணீரோடு அரைமணி நேரம் விட்டேன். நனைந்தது ஒரே இடம்: தண்ணீரைச் சூடாக்கும் காயில் மாட்டியிருக்கும் வட்டத் தட்டின் ஓரம். அங்கே வெள்ளையாக உப்புக் கோடு இறங்கியிருந்தது. தம்பி பார்த்த துரு, தட்டின் போல்ட்டில் இருந்த துரு. டேங்க் உடம்பில் ஓட்டை விழுந்திருந்தால் செந்தண்ணீர் தட்டுக்கு வெளியே, வெல்டிங் ஓரத்திலிருந்து வந்திருக்கும். அப்படி வந்தால் ஒட்டுவேலை எதுவும் நிற்காது, புதுசுதான் வாங்கவேண்டும். இங்கே போனது தட்டுக்கும் டேங்குக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் வளையம், கேஸ்கெட். அது வழியாகக் கசிந்தது வயர் முனையில் விழுந்ததால்தான் ஈ.எல்.சி.பி. விழுந்திருக்கிறது.

ராத்திரி முழுக்க ஆறவிட்டு, மறுநாள் தண்ணீர் வரும் வால்வை மூடினேன். சுடுதண்ணிக் குழாயைத் திறந்துவைத்தால் மட்டும் டேங்க் காலியாகாது. வெளியே போகும் குழாயின் வாய் உள்ளே உச்சியில் இருக்கிறது. சுடுதண்ணிக் குழாயைத் திறந்து காற்றுக்கு வழிவிட்டு, சேஃப்டி வால்வு லீவரைத் தூக்கினால் கீழ்வழியாக இறங்கும். வயர்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு தட்டைக் கழற்றினேன்.

கொட்டியது பாருங்கள். உடைந்த முட்டை ஓடு மாதிரி காரை. சமையலறைத் தராசில் ஈரத்தோடு 900 கிராம். டேங்க் துருப்பிடிக்காமல் தன்னைக் கரைத்துக்கொள்ளும் மெக்னீசியம் ராடு, சைக்கிள் கம்பி அளவுக்கு இளைத்திருந்தது. ஏழு வருடம் அதை நான் எட்டிப் பார்த்ததே இல்லை. காரை பிடித்தால் கரண்ட் பில் எகிறும் என்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. காயிலின் சூடு எப்படியும் தண்ணீருக்குள்தானே போகிறது. ஆனால் காரைக்குள் மாட்டிய காயில் அளவுக்கு மீறிச் சூடாகிச் சீக்கிரம் வெடிக்கும். ஹீட்டர் ஓடும்போது ஒரு வருடமாகக் கேட்ட சடசட சத்தம் அந்தச் சூட்டில் வந்ததுதான். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காயிலை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்த வெந்நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்ததும் காரை நுரைத்துக் கழன்றது. கக்கூஸ் கழுவும் ஆசிட் வேண்டாம், உலோகத்தை அரித்துவிடும். புது கேஸ்கெட் 60 ரூபாய், ராடு 280, எலுமிச்சை உப்பு 40. போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். ஒரே பக்கம் இறுக்கினால் கேஸ்கெட் கோணலாக உட்கார்ந்து மறுபடி ஒழுகும். சுடுதண்ணிக் குழாயில் காற்றெல்லாம் போய்த் தண்ணீர் சீராக வரும்வரை சுவிட்ச் பக்கமே போகவில்லை. வெறும் டேங்கில் காயில் ஓடினால் நிமிடத்தில் கருகிவிடும்.

அதன்பின் தெர்மோஸ்டாட்டை 55-க்குக் குறைத்தேன். 60-க்கு மேல் போகப்போகக் காரை வேகமாகப் பிடிக்கும். தண்ணி வார்த்துக்கொள்ள 55 தாராளம். போன வாரம் மறுபடி திறந்தேன். காரை இரண்டு கைப்பிடி. ராடு ஒரு வருடத்திலேயே பாதி. டேங்க் வாயோரம் கட்டைவிரல் நகமளவு துரு கண்ணில் பட்டது, அது போன தடவை இல்லை. இன்னும் இரண்டு வருடம் ஓடினால் சந்தோஷம். கேஸ்கெட் ஒன்று கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன். வாளி குளியலறையை விட்டுப் போய்விட்டது. மாமியார் மட்டும் புறக்கடையில் மூன்று கல் வைத்து அண்டாவை ஏற்றிவிட்டார்.